தீனி வைக்கும் இடம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேச இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட பொருள் நாய். அது இலக்கியத்திற்குப் புறம்பானதன்று. தொல்காப்பியர் மரபியலில் நாயின் குட்டிக்குக் குருளை என்று பெயர் வகுத்தார். சங்கப் புலவர்கள் நாயை ஞமலி என்றும் அழைத்தார்கள். நாம் நாய்க்குச் சொற்களை நிறையவே தந்திருக்கிறோம். நாய் நம் சொற்களை எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. ‘நில்’, ‘இரு’, ‘பக்கத்தில் வா’ என்று ஓர் இடத்தைக் குறித்து நாம் கட்டளையிடும்போது, நாய் பெரிதும் கவனிப்பது தீனி எங்கே வந்து சேர்கிறது என்பதைத்தான். பயிற்சியின் சூட்சுமம் இதில் இருக்கிறது.

நம் பகுதியில் இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. துறைமுகத்தை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையிலும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் நாயோடு நடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். நாய் முழங்காலுக்கு இணையாக வந்தால் பிழைத்தது. இரண்டு முழம் முன்னே பாய்ந்தால் சக்கரம் இருக்கிறது. ‘பக்கத்தில் வா’ என்று தொண்டை வறளக் கத்துகிறவர், அது பக்கத்தில் வந்தவுடன் பிஸ்கட்டை எங்கே நீட்டுகிறார்? பெரும்பாலும் தம் வயிற்றுக்கு முன்னால். நாய் ஓரடி முன்னே வந்து, தலையைத் திருப்பி, அவருடைய காலுக்குக் குறுக்கே நின்று தின்கிறது. பத்து முறை இப்படி நடந்தால், தான் நிற்க வேண்டிய இடம் எசமானரின் முன்புறம் என்று அது முடிவு செய்துவிடும். வாய் ‘பக்கத்தில்’ என்கிறது. கை ‘முன்னால்’ என்கிறது. நாய் கையை நம்புகிறது.

செய்ய வேண்டியது எளிது. நாய் இடப்புறம் நடக்கிறதென்றால், தீனியை இடக்கையாலேயே தர வேண்டும். வலக்கையைக் குறுக்கே கொண்டுவந்தால் நாயின் தலையும் குறுக்கே வரும். கால்சட்டையின் பக்கத் தையல் இருக்கிறதே, அந்த ஓரத்தில், நாயின் வாய் மட்டத்தில், கையை உடம்போடு ஒட்டித் தர வேண்டும். வேட்டிக்குத் தையல் இல்லையே என்று இங்கே சிலர் புன்னகைப்பது தெரிகிறது. தொடையின் பக்கவாட்டைக் கணக்காகக் கொள்ளுங்கள், போதும். முன்னே பாயும் பழக்கமுள்ள நாய்க்குத் தையலுக்குச் சற்றுப் பின்னே தருவது நலம். சில நாட்களில் அது அந்த இடத்தைத் தானே தேடி வந்து ஒட்டி நடக்கும்.

நிலைப்படியிலும் இதே கதைதான். இராயபுரத்துச் சந்துகளில் வாசற்படி இறங்கினால் தெரு. திண்ணைகூட இப்போது அரிது. கதவு திறந்ததும் நாய் பாயாமல் உள்ளேயே இருக்க வேண்டும். ‘இரு’ என்று சொல்லிவிட்டு நாம் வெளியே போய், பிறகு ‘வா’ என்று அழைத்துத் தீனி தந்தால், அது படிக்கு வெளியே ஓடிவந்ததற்கான கூலியாகிவிடுகிறது. இருந்ததற்கான கூலியை இருந்த இடத்திற்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நாம் திரும்பி நடந்து, படியைத் தாண்டி உள்ளே வந்து, அதன் வாயருகே வைக்க வேண்டும். படுக்கக் கற்பிக்கும்போது முன்னங்கால்களுக்கு இடையே தரையில் வைப்பதும், உட்காரக் கற்பிக்கும்போது அது எழாதபடி வாய்க்கருகே தருவதும் இதன் கிளைகளே.

இதற்குக் காரணம் என்ன? பாவ்லோவின் நாய்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உணவுக்கு முன்வரும் குறி கேட்டு எச்சில் ஊறியதைப் படித்திருக்கிறோம். ஆனால் அந்த நாய்கள் சட்டத்தில் வாரால் பிணைக்கப்பட்டிருந்தன. 1937இல் கார்ல் ஜீனர் என்ற அமெரிக்க உளவியலாளர், பழக்கிய நாய்களின் கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தார். குறி கேட்டதும் அவை உணவுத் தட்டு இருக்கும் இடத்திற்கு நடந்தன. எச்சில் மட்டுமா, உடம்பு முழுவதுமே அந்த இடத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. எனக்கு ஜீனரின் நாய்கள்தாம் பாவ்லோவின் நாய்களைவிட அதிகம் சொல்கின்றன.

ஸ்கின்னரிடம் பயின்ற பிரெலண்ட் தம்பதியர் 1947இல் விலங்குப் பயிற்சியைத் தொழிலாகவே தொடங்கினார்கள். பின்னாளில் அந்த நிறுவனத்தில் சேர்ந்த பாப் பெய்லி, செயல் சரி என்பதை ஒலியால் குறிக்கவும், உணவை விலங்கு இருக்க வேண்டிய இடத்தில் தரவும் கற்பித்தார். இலக்கணம் படித்தவர்களுக்கு வேறு வகையில் சொல்வேன். நாம் ஏவல் வினையில் பேசிக்கொண்டிருக்கிறோம்; நாய் ஏழாம் வேற்றுமைக்குக் காது கொடுத்திருக்கிறது.

மோப்ப நாய்களின் பயிற்சியில் இது இன்னும் நுட்பமாகிறது. வெடிமருந்தைக் கண்டால் நாய் குரைக்கவோ பிறாண்டவோ கூடாது. சத்தமின்றி உட்கார்ந்து அந்த இடத்தையே பார்க்க வேண்டும். இதற்குப் பரிசு பெரும்பாலும் ஒரு பந்து. பயிற்சியாளர் பந்தைத் தம் கையிலிருந்து காட்டிக் கொடுத்தால், நாய் மணத்தை விட்டு அவருடைய சட்டைப் பையைப் பார்க்கத் தொடங்கும். ஆகவே அதன் தலைக்குப் பின்னாலிருந்து, மணம் வரும் புள்ளியில் போய் விழும்படி பந்தை எறிகிறார்கள். பந்து பெட்டிக்குள்ளிருந்தே வந்ததாக நாய் எண்ணிக்கொள்கிறது. இது ஏமாற்றுத்தான், ஆனால் பல உயிர்களைக் காக்கிற ஏமாற்று.

வீட்டு நாயை விடுங்கள். நம் தெரு நாய்களுக்கும் நாள்தோறும் பயிற்சி நடக்கிறது. பயிற்சியாளர்கள்தாம் அதை அறிவதில்லை. காசிமேட்டில் மீன் கழிவு விழும் இடத்தில் நாய்கள் நிற்கின்றன. தேநீர்க் கடையில் பொறை வாங்கிச் சாலையோரமாக வீசுகிறவர், நாயைச் சாலையோரத்தில் நிற்கப் பழக்குகிறார். பள்ளி வாயிலில் போட்டால் பள்ளி வாயிலில் கூட்டம் சேரும். பிறகு குழந்தை மிரண்டு ஓடும், நாய் துரத்தும். கடைசியில் பழி யார்மேல் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

சென்னையில் நாய்களைக் கொல்வதற்கு மாற்றாக 1996இல் கருத்தடைத் திட்டம் தொடங்கியது. அது பிறப்பைக் கட்டுப்படுத்தும். நிற்கும் இடத்தைக் கட்டுப்படுத்தாது. 2023ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், உணவிடும் இடம் மாடிப்படி, கட்டட வாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு வார்டிலும் உணவிடத் தனி இடம் ஒதுக்கும்படி பணித்தது. கண்ட தெருவில் போடுவதையும் தடுத்தது. நாயிடம் இரக்கம் உள்ளவர்களில் சிலர் இதைக் கொடுமை என்றார்கள். என் கருத்து வேறு. இடம் நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், நாய்க்கும் அதுவே பாதுகாப்பு.

தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லாரி நிற்கும் சாலைக்கு அப்பால், நாய்கள் சாலையைக் கடக்காமல் வரக்கூடிய சுவரோரமாக, அந்தந்தத் தெருக் கூட்டம் ஏற்கெனவே உலவும் எல்லைக்குள் அது அமைய வேண்டும். வார்டு அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துக் குறிப்பவருக்கு, எந்தத் திருப்பத்தில் எந்த நேரத்தில் லாரி ஒடிக்கும் என்று தெரியாது. அந்தத் தெருவில் வாழும் உங்களுக்குத் தெரியும். வட்டத்தின் சார்பில் அப்படிப்பட்ட நான்கைந்து இடங்களைக் குறித்து மனுவாகக் கொடுக்கலாம் என்று செயலாளரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தாள் சுற்றி வரும். உங்கள் தெருவில் எந்தச் சுவர் என்று எழுதித் தாருங்கள்.