பயணம் காட்டித் தரும் தோழமை

 

  

பொதுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை வந்துவிட்டால் நமது ஆரணியிலிருந்தும் சுற்றுலா வேன்கள் புறப்படுகின்றன. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து செல்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த பெண் பிள்ளைகள், இனி ஒருத்தி கல்லூரிக்கும் ஒருத்தி தையல் வகுப்புக்கும் ஒருத்தி மணவாழ்வுக்கும் பிரிந்து செல்லப் போகிறோமே என்று, பெற்றோரிடம் கெஞ்சி அப்பயணத்தில் சேர்ந்து கொள்கிறார்கள். சிரித்துக்கொண்டே ஏறியவர்களில் சிலர், திரும்பி வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்குகிறார்கள். பத்து ஆண்டு நட்பு இரண்டு நாள் பயணத்தில் முறிவது ஏன்? இதைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

பயணத்திற்கு அரபு மொழியில் ‘சஃபர்’ என்று பெயர். திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருள் தரும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. மனிதர்களின் குணங்களை வெளிப்படுத்துவதால்தான் பயணத்திற்கு அப்பெயர் வந்தது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கம் தருகிறார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரை நல்லவர் என்று பரிந்துரைத்தார். உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். நீர் அவருக்கு அண்டை வீட்டாரா? அவருடன் பணக் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? அவருடன் பயணம் சென்றதுண்டா? மூன்றுக்கும் அவர் இல்லை என்றதும், அப்படியானால் அவரை நீர் அறியவில்லை என்று கூறிவிட்டார்கள்.

வாசகப் பெருமக்களே! இம்மூன்று சோதனைகளும் ஒரே வேனுக்குள் ஒன்றுகூடி விடுவதைக் கவனியுங்கள். நெருங்கி அமர்வதால் அண்டை வீட்டாராகிறோம். செலவைப் பங்கிடுவதால் கொடுக்கல் வாங்கல் வருகிறது. பயணமோ ஏற்கெனவே இருக்கிறது.

மூன்று தோழிகள் கண்ணமங்கலம், வேலூர் வழியாக ஏலகிரிக்குச் செல்வதாக எண்ணிப் பாருங்கள். ஒருத்தி பட்டுக்கடை உரிமையாளரின் மகள். இன்னொருத்தியின் தந்தை ஆசிரியர். மூன்றாமவளின் தந்தை கூலிக்குத் தறி நெய்பவர். உணவகத்தில் முதலிருவரும் விருப்பம் போல் வாங்குகிறார்கள். மூன்றாமவள் பசி இல்லை என்கிறாள். மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறது. வண்டியை நிறுத்த வேண்டியதாகிறது. மற்ற இருவரும் காதோடு காதாக ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். ஒருத்தி அவளது சோர்ந்த முகத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் வேடிக்கையாகப் போட்டு விடுகிறாள். எந்த வீட்டிலும் நடக்கக் கூடியதுதான் இது. போட்டவளுக்கு அது ஒரு நொடி விளையாட்டு. பார்த்தவளுக்கோ ஆண்டுக் கணக்கில் ஆறாத புண்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதற்கான மருந்தை அன்றே தந்துவிட்டார்கள். மூவர் இருக்கும்போது ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேசக் கூடாது, அது அவரைக் கவலையில் ஆழ்த்தும் என்று தடுத்தார்கள். இந்நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இரகசியத்தின் பொருள் என்ன என்பதை நாயகம் அவர்கள் ஆராயவில்லை. விலக்கி வைக்கப்பட்டவரின் மனத்தையே கருத்தில் கொண்டார்கள்.

பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூட்டத்தின் பின்னால் வருவார்கள். தளர்ந்தவர்களை அழைத்துச் செல்வார்கள். வாகனமற்றவரைத் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்தணி தொலைந்தது. அதைத் தேடுவதற்காக, தண்ணீர் இல்லாத இடத்தில் மொத்தக் கூட்டமும் தங்க நேர்ந்தது. தந்தை அபூபக்ர் (ரலி) அவர்கள் மகளைக் கடிந்துகொண்டார்கள். ஆனால் அத்தாமதத்தில்தான் தயம்மும் உடைய இறைவசனம் அருளப்பட்டது. ஒருவருக்காக எல்லோரும் காத்திருந்த பொழுதில் இந்தச் சமுதாயம் முழுமைக்கும் எளிமை கிடைத்தது. ஆகவே, உங்களால் எங்களுக்குத் தாமதம் என்று எவரையும் நோகடிக்காதீர்கள்.

பெண் மக்களே! உங்களுக்காகவே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். அன்னை ஆயிஷாவும் அன்னை ஹஃப்ஸாவும் (ரலி) இளம் வயதினர். இணைபிரியாத் தோழர்களான அபூபக்ர், உமர் இருவரின் மகள்கள். ஒரு பயணத்தில் இருவருமே நாயகத்துடன் சென்றார்கள். இரவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா அவர்களின் ஒட்டகத்தை ஒட்டிப் பேசிக்கொண்டே செல்வது வழக்கம். இன்றிரவு ஒட்டகங்களை மாற்றிக்கொள்வோமா என்று ஹஃப்ஸா கேட்டார். ஆயிஷாவும் இசைந்தார். நாயகம் அவர்கள் வழக்கம்போல் அந்த ஒட்டகத்தருகே வந்தார்கள். அதில் ஹஃப்ஸா இருந்தார். ஸலாம் கூறிவிட்டு, இறங்குமிடம் வரை அதனுடனேயே சென்றார்கள். தனித்துவிடப்பட்ட ஆயிஷா அவர்கள் இறங்கியதும் இத்கிர் புல்லுக்குள் கால்களை விட்டு, தேளோ பாம்போ தம்மைக் கடிக்கட்டும் என்று இறைவனிடம் முறையிடும் அளவுக்கு வேதனைப்பட்டார்கள்!

இது நமக்கு எப்படித் தெரியும்? ஆயிஷா அவர்களே பிற்காலத்தில் தம் சகோதரர் மகன் காஸிமிடம் கூறியதால் தெரியும். அதில் தம் பொறாமையை அவர்கள் மறைக்கவில்லை. ஹஃப்ஸா என்னை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாற்றிக்கொள்ளத் தாமும் இசைந்ததைச் சேர்த்தே கூறினார்கள். பயணத்தில் மனம் புண்படுவது அன்னையர்க்கே நேர்ந்தது எனில், உங்களுக்கு நேராதா? நேரும். ஊர் திரும்பிய பின் அதை நீங்கள் எவ்வாறு எடுத்துச் சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் நட்பு நிற்கிறது.

இன்னொரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் கூட்டத்தை விட்டுப் பின்தங்கியபோது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பினர். மதீனாவில் வதந்தி பரவியது. நாயகம் அவர்கள் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் விசாரித்தார்கள். ஆயிஷாவுக்கு நிகராகப் போட்டியிட்டவர் அவரே. நினைத்திருந்தால் ஒரு சொல்லில் பழி தீர்த்திருக்கலாம். அவரோ, தம் செவியையும் பார்வையையும் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவிடம் நன்மையைத் தவிர வேறெதையும் தாம் அறியவில்லை என்றும் உறுதிபடக் கூறினார். அந்நாட்களில் ஓர் அன்ஸாரிப் பெண் அனுமதி கேட்டு உள்ளே வந்து, ஆயிஷா அவர்களுடன் அமர்ந்து தாமும் அழுதார். ஆயிஷா அவர்கள் அதை மறக்காமல் கூறியிருக்கிறார்கள்.

பெற்றோர்களே! உரிய பாதுகாப்புடன், குடும்பத்தாருடன் பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். புறப்படும் முன்பே செலவைப் பேசி முடியுங்கள். இயலாதவரின் பங்கை, அவர் பிள்ளைக்கும் தெரியாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பயணத்தில் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும் நபிவழியைப் பேணுங்கள். பிறர் அனுமதியின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் அமானிதத்திற்குத் துரோகம் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

பிள்ளைகள் சண்டையிட்டு வந்தால், இனி அவளோடு பேசாதே என்று தீர்ப்பளித்து விடாதீர்கள். மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகுமானதன்று. முந்தி ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது நாயக வாக்கு. தீய வழிக்கு இழுக்கும் தோழமை என்று பயணம் காட்டித் தந்தால், விலகிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போதும் அவளது குறையை ஊருக்குச் சொல்ல அனுமதிக்காதீர்கள்.

நம் ஊர்த் தெருக்களில் தறியோசை நமக்குப் பழக்கமானது. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறார். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிறார். பிறகே நாடாவை ஓட்டுகிறார். ஓர் இழைக்காகப் பாவையே அறுத்தெறிபவர் எவருமில்லை. பார்க்காமல் விட்டுவிட்டு நெய்பவரும் நல்ல நெசவாளி அல்லர்.

இதை வாசிக்கும் மகளே! சென்ற பயணத்திலிருந்து நீ பேசாமலிருக்கும் தோழி ஒருத்தி உண்டா? இன்று அஸ்ருக்குள் அவளுக்கு ஸலாம் சொல். படத்தைப் பரப்பியவள் நீயானால், அதை அழித்துவிட்டு, அதே குழுவில் மன்னிப்புக் கேள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவாயாக! அவர்களின் நாவுகளையும் நட்புகளையும் காப்பாயாக! ஆமீன்.