உடைந்த கதவுக்கு யார் பொறுப்பு?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் சேமிப்பு, தவணை பத்திப் பேசப் போறதில்லை. ஒரு உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறேன். "மேடம், போலீஸ் யாரையோ தேடி வந்து நம்ம வீட்டுக் கதவை உடைச்சு, சாமானை எல்லாம் போட்டு உடைச்சுட்டு, 'இது அந்த வீடு இல்லை'ன்னு போயிட்டா, நஷ்டத்தை யார் கொடுப்பாங்க?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவங்க சிரிச்சாங்க. "போலீஸ்கிட்ட போய் யாரு கேக்குறது?" என்றார்கள். சிரிப்புதான், ஆனால் அதுக்குள்ள பயம் இருக்கு.

பெயர் ஒற்றுமை, தவறான தகவல், பழைய முகவரி, இப்படி எதனாலும் வீடு மாறிப் போகலாம். இது எல்லா நாட்டிலும் நடக்குது. 2017 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் விடியும் முன்பே ஒரு வீட்டுக் கதவை உடைத்து, வெடிச்சத்தம் எழுப்பும் குண்டைப் போட்டு உள்ளே நுழைந்தார்கள். உள்ளே இருந்தது ஒரு பெண், அவரது துணைவர், 7 வயது மகன். தேடிய வீடோ வேறு தெருவில் இருந்தது. நஷ்டஈடு கேட்ட அந்தக் குடும்பத்தின் வழக்கைக் கீழ்நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 2025 ஜூனில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், "இப்படித் தள்ளியது சரியில்லை, மறுபடி பாருங்கள்" என்று ஒருமனதாகச் சொன்னது. ஏறக்குறைய எட்டு வருஷம்!

நம்ம நாட்டுக் கதை என்ன? 1947-ல் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் மீரட் நகருக்கு வந்தார். திருட்டு நகையோ என்று சந்தேகப்பட்டு போலீஸ் அவரைப் பிடித்தது. நூறு தோலாவுக்கு மேல் தங்கத்தையும், வெள்ளியையும் ஸ்டேஷனில் வாங்கி வைத்தார்கள். பிறகு அவரை விடுவித்தார்கள். வெள்ளி திரும்பி வந்தது, தங்கம் வரவில்லை. அதைக் காவல் காத்த தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வியாபாரி அரசு மீது வழக்குப் போட்டார். 1964-ல் உச்ச நீதிமன்றம், போலீஸ் அலட்சியமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும், கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசாட்சி சார்ந்த வேலை, அதற்கு அரசு நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

கேட்கவே வயிறு எரியுது இல்லையா? ஆனால் கதை அத்தோடு முடியலை. ஒரிசாவில் ஒரு தாய். போலீஸ் காவலில் 22 வயது மகன் இறந்துபோனான். 1988-ல் அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1993-ல் ஒன்றரை லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. அடிப்படை உரிமை மீறப்பட்டால், "இது அரசாட்சி வேலை" என்று சொல்லி அரசு தப்ப முடியாது என்று தீர்ப்பில் எழுதியது. ஒரு தாயின் கடிதம் நமக்கெல்லாம் வழி திறந்துவிட்டது.

நம்ம தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியை யாரும் மறக்க முடியாது. அங்கே நடந்தது தவறுதலான சோதனை இல்லை, கொடுமை. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20-ல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் போனார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கி, தானியத்தைப் பாழாக்கி, கிணற்றையும் கெடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தர வேண்டும், அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. 31 வருஷம் ஆனாலும் அந்தப் பெண்கள் பின்வாங்கலை.

சரி, நம்ம வீட்டுக்கு வந்தால் சட்டம் என்ன சொல்லுது? 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவை இருக்கின்றன:

1. யார், எதற்காக வந்தோம் என்று சொல்லித் திறக்கச் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால்தான் கதவை உடைக்கலாம். அதனால் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத் திறந்துவிடுங்க. கைகலப்பு வேண்டாம்.

2. அந்தப் பகுதியில் வசிக்கும் இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் கூட இருந்து பார்க்கலாம்.

3. பெண்ணின் உடம்பைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

4. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். இது புதிதாக வந்த விதி.

5. எடுத்துப் போகும் பொருளுக்குப் பட்டியல் எழுதி, சாட்சி கையெழுத்து வாங்கி, நமக்கு ஒரு நகல் தர வேண்டும்.

இந்த ஐந்தாவதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எடுத்துப் போனதுக்குப் பட்டியல் உண்டு. உடைச்சதுக்குப் பட்டியல் கிடையாது! உடைந்த கதவும், கொட்டிய அரிசியும், நொறுங்கிய டி.வி.யும் எந்தக் காகிதத்திலும் வராது. அதை நாமதான் எழுதணும். அன்றைக்கே எழுதணும்.

போலீஸ் போனதும் அழுதுகொண்டே வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிடாதீங்க. முதலில் செல்போனில் படம் எடுங்க. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் தேதி, நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், சட்டையில் இருந்த பெயர், வண்டி நம்பர், உடைந்த பொருள், அதன் விலை எல்லாம் எழுதுங்க. அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்துப் போடட்டும். அந்த மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமா வைங்க.

"பொருள் இருந்ததுக்கு என்ன ஆதாரம்? பில் இருக்கா?" என்று கேட்பார்கள். நம்மில் எத்தனை பேர் பில் வச்சிருக்கோம்? ஆனால் நம்மகிட்ட வேற ஒண்ணு இருக்கு. குழுவின் தீர்மானப் புத்தகமும் கடன் பேரேடும்! கிரைண்டர் வாங்க, தையல் மெஷின் வாங்க, ஆடு வாங்க என்று எந்தத் தேதியில் எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று அதில் இருக்கு, கையெழுத்தோடு. அதனால்தான் "கடனின் நோக்கம்" என்ற இடத்தில் சும்மா "குடும்பச் செலவு" என்று எழுதாதீங்கன்னு ஒவ்வொரு ஊக்குநரிடமும் சொல்கிறேன். பொருளின் பெயரை எழுதுங்க. வீட்டில் பெண் சம்பாதித்துச் சேர்த்த பொருளுக்குப் பல நேரம் அதுதான் ஒரே சாட்சி.

அடுத்து எங்கே போவது? சென்னையில் உள்ள மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தமிழிலேயே புகார் எழுதலாம். கட்டணம் கிடையாது. ஆனால் சம்பவம் நடந்த ஒரு வருஷத்துக்குள் எழுதணும். நஷ்டஈட்டை அரசு கொடுத்துவிட்டு, தவறு செய்தவரின் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று ஆணையம் சொன்ன வழக்குகள் உண்டு. உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால், இலவச வக்கீல் கேட்க ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு. இதற்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்க, அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்க.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. தனியாகப் போகாதீங்க. ஒரு பெண் மனுவோடு போனால், "போம்மா, அப்புறம் வா" என்பார்கள். குழுவே தீர்மானம் போட்டு, பன்னிரண்டு பேர் கையெழுத்தோடு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். வங்கியில் இதை நாம பார்த்திருக்கோம். காவல் நிலையத்திலும் அதே பலம்தான்.

போலீஸ் நமக்கு எதிரி இல்லை. திருடன் வந்தால் அவங்களைத்தான் கூப்பிடுறோம். ஆனால் தவறு நடந்தால் "ஸாரிம்மா" என்ற ஒரு வார்த்தையில் கதவு திரும்ப வராது. தச்சருக்குக் கூலி கொடுக்கணும், பலகைக்குக் காசு கொடுக்கணும். அதைக் கேட்பது எதிர்ப்பு இல்லை, நம்ம உரிமை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்க. கடன் பேரேட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்க.