இனிஷியல்



காஞ்சிபுரத்திலிருந்து படிக்க வந்த என்னிடம் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டபோதெல்லாம் "பட்டு பிசினஸ்" என்றேன். பொய். அவர் கூலிக்குத் தறி நெய்பவர். நான்கு வருஷமும் உங்களில் ஒருவரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை.

இன்ஜினீயர் ஆனேன், சம்பளம் வந்தது, நிம்மதி வரவில்லை.

எங்கள் ஊர் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்து, 1967-இல் முதலமைச்சரானவர் சி.என். அண்ணாதுரை. 'சி' என்பது காஞ்சிபுரத்தின் பழைய ஆங்கிலப் பெயர். 'என்' அப்பா நடராசன். இரண்டையும் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டே அவர் கோட்டைக்குப் போனார். நானோ இரண்டையும் ஒளித்தேன்.

ஒளிப்பதை விட்ட அன்றுதான் மனசு லேசானது. மூன்றாவது வரிசையில் வேட்டியோடு உட்கார்ந்திருப்பவர் என் அப்பா. தறிக்காரர். எல்லோரும் வீட்டுக்கு வாங்க; மூன்று நாடா போட்டுக் கோர்வைச் சேலை நெய்வதைக் காட்டுவார்.