தரம் ஒன்றின் வாசலில் காக்கிச் சட்டை



ஆரம்பப் பாடசாலையில் பொலிஸாருக்கு என்ன வேலை என்பதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. ஐந்து வயதுப் பிள்ளை 'அ' எழுதிப் பழகுகிற இடத்தில் பொலிஸுக்கு என்ன வேலை என்று சிலர் என்னிடமே கேட்டார்கள். நியாயமான கேள்வி. வேலை இருக்கிறது, பெரிய வேலை இருக்கிறது என்பதே என் பதில். எது அந்த வேலை, எது அவர்கள் தொடக்கூடாத வேலை என்பதை இன்று இந்தச் சபையில் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. முன்பு அந்த எல்லை 8 வயது. 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 12 ஆக உயர்த்தியது. தரம் 1 முதல் 5 வரை படிக்கிற நம் பிள்ளைகளுக்கு வயது ஐந்திலிருந்து பத்து, பதினொன்று. அடுத்த பிள்ளையின் பென்சிலை எடுத்தவனும், கல்லெறிந்து ஜன்னலை உடைத்தவனும், ஆத்திரத்தில் கடித்து வைத்தவளும் அந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்களில் ஒருவரும் குற்றவாளி இல்லை. ஆகவே ஆரம்பப் பாடசாலைக்குள் பொலிஸார் பிடிக்க வேண்டிய பிள்ளை என்று எவருமே இல்லை. எல்லோரும் காக்க வேண்டியவர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஒரு தோட்டப் பாடசாலையில், தரம் இரண்டு வகுப்புக்கு ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தர் வந்ததை நான் பார்த்தேன். வீதியை எப்படிக் கடப்பது என்று சொல்லிக்கொடுக்க வந்தவர் அவர். உள்ளே காலெடுத்து வைத்ததும் வகுப்பு அப்படியே உறைந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒரு சிறுமி மெல்லக் கேட்டாள்: "மிஸ், எங்கப்பாவ கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?"

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொலிஸைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள். அவளுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தது? நாம்தான். "சாப்பிடலன்னா பொலிஸ்ல புடிச்சுக் குடுத்துருவேன்" என்று சோறூட்டுகிற வீடு நம் வீடு. "அடங்கலன்னா பொலிஸக் கூப்பிடுவேன்" என்று அதட்டுகிற வகுப்பறை நம் வகுப்பறை.

அந்தப் பயத்துக்கு வீட்டு அதட்டல் மட்டும் காரணமில்லை. 1983 ஜூலையில் இந்தப் பதுளை நகரம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். 2000 ஒக்டோபர் 25 அன்று, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் பாதுகாப்பில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கும்பலொன்று அடித்துக் கொன்றது. ஆயுதம் தாங்கிய பொலிஸார் அங்கே நின்றார்கள். அவர்கள் தடுக்கவில்லை. அந்தக் கொலைகளுக்காகத் தண்டனை பெற்றவர்களையும் 2005 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பொலிஸ் உத்தியோகத்தர்களே, உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. உங்களில் பலர் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். நீங்கள் வகுப்பறைக்குள் நுழையும்போது இந்த நினைவும் கூடவே நுழைகிறது என்பதை அறிந்து வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, அந்தப் பெண் உத்தியோகத்தர் ஏன் வர வேண்டும்? நம் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் தாய், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறாள். பிறகு மலை. கொழுந்து நிறுத்து வீடு திரும்ப மாலையாகிறது. ஐந்து வயது வரை பிள்ளைக்குத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பரா உண்டு. தரம் ஒன்றில் சேர்ந்த நாளிலிருந்து அதுவும் இல்லை. மதியத்தோடு பாடசாலை விட்டுவிடும். அப்போதிலிருந்து அம்மா வரும் வரை அந்தப் பிள்ளையைப் பார்ப்பது யார்? தாய் மத்திய கிழக்குக்குப் போயிருந்தால் வருடக்கணக்கில் பார்ப்பது யார்? பிள்ளைக்குக் கெடுதி செய்ய நினைக்கிறவன் அந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெரும்பாலும் அவன் அந்நியன் இல்லை, வீட்டுக்குப் பழகியவன். அப்படி ஒன்று நடந்தால் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்? தான் பயப்படுகிற ஒருவரிடம் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

இதற்கு ஏற்பாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1998 இன் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. அதன் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் காசில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளை முதலில் சொல்வதை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சான்றாக வைக்க 1999 இன் 32 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பதுளை நகரில் இருக்கும் ஏற்பாட்டுக்கும் மலை உச்சியில் இருக்கும் தோட்ட டிவிசனுக்கும் நடுவில் கிடக்கிற தூரத்தை எந்தச் சட்டமும் நடந்து கடக்காது. ஒரு மனிதர்தான் நடக்க வேண்டும். அந்த மனிதர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அவர் தமிழ் பேச வேண்டும். ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளை, ஹாலி-எல, பசறை ஆகிய பிரிவுகளை 1999 ஆம் ஆண்டிலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் தாய் தமிழில் அழுது சொல்கிறாள், எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுகிறார், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அவள் கையொப்பம் இடுகிறாள். பெரியவளுக்கே இந்த நிலை என்றால், தனக்கு நடந்ததற்குப் பெயர் கூடத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? இடையில் மொழிபெயர்க்க இன்னொரு ஆளை நிறுத்தினால், அந்த ஆளே சில நேரம் பிள்ளைக்குத் தெரிந்த தோட்டத்து ஆளாக இருந்தால், அந்த வாய் திறக்குமா?

இன்னொரு பெரிய வேலை வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. 2021 ஜூலையில், டயகம தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இறந்துபோனாள். 16 வயது. மலையகமே தெருவில் இறங்கியது. அதன் பிறகு மேல் மாகாணத்து வீடுகளில் வேலைக்கு இருக்கும் சிறுவர்களைப் பொலிஸார் தேடினார்கள். தேடியது நல்லது. ஆனால் பிள்ளை புறப்படுகிற இடம் இங்கே இருக்கிறது. தரம் நான்கில் அடிக்கடி வராமல் இருந்து, தரம் ஐந்தில் பாதி நாள் வராமல் இருந்து, பிறகு ஒருநாள் தரகர் கையைப் பிடித்து ரயில் ஏறுகிற பிள்ளையை, ரயில் ஏறும் முன்னரே பதிவேடு காட்டிக்கொடுக்கிறது. இன்று 16 வயது வரை கல்வி கட்டாயம். 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது குற்றம். தொடர்ந்து வராத பிள்ளையைப் பற்றி அதிபர் ஒரு வார்த்தை சொன்னால், உத்தியோகத்தர் அந்த லயத்துக்கு ஒருமுறை போய் வந்தால், பல பயணங்கள் நின்றுபோகும்.

இனி, செய்யக்கூடாத வேலை. அமெரிக்காவில் பாடசாலைக்கென்றே பொலிஸ்காரரை நியமிக்கும் வழக்கம் 1950களில் தொடங்கியது. பிள்ளைகளோடு நட்பு வளர்ப்பதுதான் நோக்கம். அதே நாட்டில், 2019 இல், ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் வகுப்பில் அடம்பிடித்து உதைத்த ஆறு வயதுச் சிறுமியைப் பாடசாலைப் பொலிஸ்காரர் கைது செய்தார்; அவள் கைகளைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். ஆசிரியர் ஆற்ற வேண்டிய பிள்ளையை, பொலிஸ் கைது செய்தது. 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்து உவால்டே ஆரம்பப் பாடசாலைக்குள் துப்பாக்கிக்காரன் நுழைந்தபோது, 370க்கும் அதிகமான பொலிஸார் அங்கே கூடினார்கள். அவனை எதிர்கொள்ள 77 நிமிடங்கள் எடுத்தார்கள். 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். சீருடை நிறைய இருந்தால் பிள்ளை பத்திரம் என்பது உண்மையில்லை. வகுப்பின் ஒழுங்கைப் பொலிஸ் கையில் கொடுத்தால் அது பிள்ளைக்குக் கேடாகவே முடியும்.

ஆகவே அதிபர்களே, பிள்ளையை மிரட்டப் பொலிஸைக் கூப்பிடாதீர்கள். உடலில் அடிக்கும் தண்டனையைக் கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கையால் தடுத்துவிட்டது. பிரம்புக்குப் பதிலாகச் சீருடையை வைத்துக்கொள்வது தீர்வாகாது. ஒரு பிள்ளை கலங்கி வந்து எதையாவது சொன்னால், "பாடசாலை மானம் போய்விடும்" என்று மூடி வைக்காதீர்கள். மூடிய ஒவ்வொரு நாளும் கெடுத்தவனுக்குக் கிடைத்த ஒரு நாள்.

பொலிஸ் அதிகாரிகளே, ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் தமிழ் தெரிந்த ஒரு பெண் உத்தியோகத்தரைப் பொறுப்பாக்குங்கள். ஏதாவது நடந்த பிறகு வராமல், எதுவும் நடக்காத மாதங்களிலும் அவர் வரட்டும். துப்பாக்கியில்லாமல் வரட்டும். அவரை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒருவரோடு பழக நாளாகும்.

தோட்டத்துத் துரைமாரே, அந்த உத்தியோகத்தர் வர ஒரு வழியும், மதியத்துக்குப் பிறகு பிள்ளைகள் இருக்க ஒரு கூரையும் கொடுங்கள். உங்கள் கொழுந்தைப் பறிக்கிறவளின் பிள்ளை அது.

தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களிடம் ஒன்றே ஒன்று. இன்றிரவு பிள்ளைக்குச் சோறூட்டும்போது பொலிஸின் பேரைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். "உனக்கு யாராவது கெடுதல் செஞ்சா, பயப்படாம எங்கிட்ட சொல்லு, டீச்சர்கிட்ட சொல்லு, பொலிஸ் மிஸ்கிட்ட சொல்லு" என்று சொல்லிக்கொடுங்கள். 1929 என்ற இலக்கத்தை மனப்பாடம் ஆக்குங்கள். இதை இன்றைக்கே தொடங்குங்கள்.