ஆடிக் காற்றும் ஆடித் தள்ளுபடியும்

கடைக்காரர்கள் தெருவில் வைக்கும் தற்காலிக பேனர்களுக்கு என்னென்ன விதிகள் உண்டு என்று பேசச் சொன்னார்கள். நான் வக்கீல் இல்லை. முன்பு துணியில் எழுத்து எழுதியவன். இப்போது சென்னையில் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுப்பவன். அதனால் துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாக்பீஸால் கோடு போட்டு, 'ஆடித் தள்ளுபடி' என்று எழுதுவோம். அந்த 'ளு' இருக்கிறதே, அதன் வளைவை ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். கை நடுவில் தயங்கினால் காய்ந்த பிறகு காட்டிக்கொடுத்துவிடும். எழுதி முடித்ததும் என் குருநாதர் பிளேடை எடுத்து, எழுத்துகளுக்கு இடையே பிறை பிறையாகத் துணியைக் கிழிப்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. "என்னண்ணே, இவ்வளவு பாடுபட்டு எழுதிட்டு..." என்றேன். "காத்துக்கு நாம வழி விடலேன்னா, அதுவே வழி பண்ணிக்கும்டா" என்றார்.

ஃப்ளெக்ஸில் அந்தப் பிறை கிடையாது. 10-க்கு 8 பேனர் என்றால் 80 சதுர அடி, பாய்மரம் மாதிரிதான். அதைத் தாங்குவது நாலு சவுக்குக் கம்பும் கொஞ்சம் கட்டுக்கம்பியும். கடை பேனர்கள் குவியும் மாதம் எது? ஆடி. அம்மியே பறக்கும் என்று நாமே சொல்கிற மாதம்! காற்றில்லாத மாதமும் காவு வாங்கும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன பெண்மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி, 23 வயதில் உயிர் போனது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959-லேயே சட்டம் வந்தது. டிஜிட்டல் பேனருக்கென்றே 2011-ல் விதிகள் வந்தன: முன் அனுமதி வேண்டும், ஆறு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது, அனுமதி எண்ணைக் கீழே அச்சிட வேண்டும். ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னிடம், "போன வருஷ நம்பரையே போடுங்க, யாரு குனிஞ்சு படிக்கப் போறா?" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடித்துக் கொடுத்தேன்.

ஆனால் அனுமதி வாங்கியவர்களின் பேனரும் ஏழாம் நாள் நின்றுகொண்டுதான் இருக்கும். ஏன் தெரியுமா? கட்டுவதற்குக் கூலி உண்டு. அவிழ்ப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை. வெயிலில் கம்பி தளர்ந்து நிற்கும் அந்த அநாதை பேனர்தான் ஆபத்தானது. அதனால் இப்போது என் பில்லில் 'அவிழ்ப்புக் கூலி' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முன்பணமாக வாங்கிவிடுவேன். சிலர் முறைக்கிறார்கள், சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். கடை வைத்திருக்கும் நேயர்களே, இந்த ஆடிக்கு பேனர் சொல்லும்போதே அவிழ்க்க ஓர் ஆளையும் சொல்லிவிடுங்கள். வருவார் என்று நம்புகிறேன்.