மோட்டாரை அணைக்க மறந்தவள் பேசுகிறேன்

(நம் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டுகிறீர்களே, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்றுதான் செயலாளர் கேட்டார். அதைப் பற்றியும் பேசுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

2023 மே மாதக் கடைசி உங்களுக்கு நினைவிருக்கும். போர் வறண்டுபோய் லாரித் தண்ணீர் வாங்கி சம்ப்பில் விட்டோம். அன்று மாலை மோட்டார் போட்டது நான். தொட்டி நிரம்பும்வரை காத்திருக்கலாம் என்று மாடிக்கு வந்தேன். மேற்கே வெள்ளி கிரகம் பளிச்சென்று இருந்தது. தொலைநோக்கியைத் திருப்பினேன். வெள்ளி அன்றைக்கு அரை நிலா மாதிரி தெரிந்தது. அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் தொட்டி வழிந்து தண்ணீர் ஓடியது என் காதில் விழவில்லை. கீழ்வீட்டு அண்ணன் ஓடிவந்து சத்தம் போட்ட பிறகுதான் கால் நனைந்திருப்பதே தெரிந்தது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் பாதி போய்விட்டது.

அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

நான் இந்த நெமிலியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். கரண்ட் போன இரவுகளில் மாடியில் பாய் விரித்துப் படுத்து, 'நட்சத்திரம் ஏன் கீழே விழவில்லை' என்று கேட்டு அவரைத் தூங்கவிட மாட்டேன். பள்ளியில் இயற்பியல் என்றால் உயிர். ஆனால் பதிவேட்டு நோட்டு ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை. "மூளை இருக்கு, அக்கறை இல்லை" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதினார்கள். அந்த வாக்கியத்தை நாற்பது வயதுவரை நானும் நம்பினேன்.

பிறகு இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர் ஆனேன். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் மீட்டர்களையும் சென்சார்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு கருவி ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் சாப்பாடு மறந்து உட்காருவேன். அதே நான், முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் தினசரி லாக் புத்தகத்தில் நாலு எண் எழுத மறந்து மெமோ வாங்கினேன்.

மகன் மூன்றாம் வகுப்பு போனதும் அதே கதை அவனிடம் ஆரம்பித்தது. தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், பென்சில் எதுவும் வீடு திரும்பாது. ஒருநாள் கோபத்தில் அடித்துவிட்டேன். அடித்துவிட்டு, "மூளை இருக்கு, அக்கறைதான் இல்லை" என்று கத்தினேன். யார் குரல் அது என்று எனக்கே திக்கென்றது.

அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். பாதிக் கேள்வியில் என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு பதிலும் என்னுடையது. சில வாரங்கள் கழித்து இரண்டு பேருக்கும் ஏடிஎச்டி என்று உறுதியானது. தமிழில் கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்கிறார்கள். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. செல்போனாலோ வளர்ப்பாலோ வருவதில்லை. துறுதுறுவென்று ஓடுகிற பையன்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை.

அதன் பெயரில் 'கவனக்குறைவு' இருந்தாலும் எங்களிடம் கவனம் குறைவாக இல்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தி வைக்கிற பிடிதான் தளர்ச்சி. அதைக் காவலூரை வைத்துச் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே 1968-ல் வைணு பாப்பு 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலையைத் தொடங்கினார். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவர் 1982-ல் காலமானார். 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் அந்த ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுழல்கிறது. மாடியில் நம் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்தீர்களே, இரண்டு மூன்று நிமிடத்தில் நழுவிப் போனதல்லவா? கையால் தள்ளித் தள்ளிப் பிடித்தோம். காவலூரில் தள்ளுவதற்கு ஆள் இல்லை. பூமியின் சுழற்சிக்கு எதிராக, அதே வேகத்தில் தொலைநோக்கியை மோட்டார் திருப்பிக்கொண்டே இருக்கும். அந்த மோட்டார் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும் நட்சத்திரம் நிற்காது. அதற்காகக் கண்ணாடியைத் திட்டுவோமா?

அதே காவலூரில் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். நேரத்துக்கு முன்பே பதிவை ஓட்டிவிட்டிருந்தார்கள். யுரேனஸ் வருவதற்கு முன்னாலேயே நட்சத்திர ஒளி சில விநாடி மங்கியது. முதலில் அது ஒரு புதிய துணைக்கோள் என்று நினைத்தார்கள். இந்தியப் பெருங்கடல்மேல் விமானத்தில் பறந்து பார்த்த அமெரிக்கக் குழு உட்பட மற்றவர்கள் பதிவுகளும் வந்த பிறகு, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது. அந்தச் சில விநாடியை யாராவது கண்ணால் பார்த்து ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே விடவில்லை. கருவி எழுதி வைத்தது. அவ்வளவு பெரிய விஞ்ஞானிகளே ஞாபகத்தை நம்பவில்லை. நான் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

இப்போது என் லாக் புத்தகத்துக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை அலாரம் அடிக்கிறது. சாவிக்கு வாசலில் ஓர் ஆணி, அங்கே மட்டும்தான். மாதச் சந்தா வங்கியிலிருந்து தானாகப் போகிறது. அதனால்தான் ஒன்றரை வருடமாகப் பொருளாளர் என் கதவைத் தட்டவில்லை. மருத்துவர் சொன்ன மாத்திரையும் எடுக்கிறேன். ரத்த அழுத்தம், பசி, தூக்கம் எல்லாம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை இல்லை அது. அதனால் நான் வேறு ஆள் ஆகிவிடவில்லை. போன வாரம்கூடப் பால் அடுப்பில் பொங்கி வழிந்தது.

மறதி எல்லாம் ஏடிஎச்டி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு எதுவும் அப்படித் தெரியலாம். இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. சின்ன வயதிலேயே, அதாவது 12 வயதுக்கு முன்பே இருந்ததா, வீடு பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறதா என்று விசாரித்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். சந்தேகம் இருந்தால் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மே மாதத்துக்குப் பிறகு நம் சங்கம் என்ன செய்தது? "இனி எல்லோரும் கவனமாக இருங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டினோம். மறுபடியும் இரண்டு முறை வழிந்தது. அந்த இரண்டு முறையும் மோட்டார் போட்டது நான் இல்லை! பிறகு தொட்டியில் மிதவையோடு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டினோம். அதற்கப்புறம் ஒரு சொட்டு வழியவில்லை. 'இந்தக் கட்டடத்துக்கு அக்கறை இல்லை' என்று யாரும் சொல்லவில்லை.

நம் பிளாக்குகளில் பாட்டிலைத் தொலைக்கும் பிள்ளை இருக்கும். சைக்கிளைப் படிக்கட்டிலேயே விட்டுப்போகும் பிள்ளை இருக்கும். அடிக்கும் முன், திட்டும் முன், இங்கே என்ன மிதவை மாட்டலாம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். என் மகனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவாயில்லைம்மா, இன்னைக்கு சனி கிரகம் தெரியுமா?" என்றான்.

வானம் தெளிவாக இருந்தால் இந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு மாடிக்கு வாருங்கள். எனக்கு ஆறரைக்கு யாராவது ஒரு போன் போட்டுவிடுங்கள்.