லாரி பானெட்டை லேசாகத் திறக்க ஒரு வழி

(வானொலி உரை)

பூந்தமல்லியைத் தாண்டி ஆவடிக்குப் போகும் பக்கம் பாரிவாக்கம் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயி வீட்டுக் களத்தில், புளியமரத்தடியில், மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்று நிற்கிறது. எரு அடிக்க, வைக்கோல் ஏற்ற, இன்னும் அதுதான். போன கோடையில் அங்கே போயிருந்தபோது, "பெரியவரே, எஞ்சின் ஆயில், தண்ணி எல்லாம் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பானெட்டைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்ங்க. பையன் ஞாயித்துக்கிழமை வருவான், அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி, எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. செலவுக்குச் செலவு, வண்டியும் பல நாள் நின்றுபோனது. அதற்கு முந்தின வருஷம், முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கட்டை நழுவி, பானெட் அவர் தோளிலேயே விழுந்திருக்கிறது. அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. திறக்கக் கஷ்டமான மூடியை நாம் திறக்க மாட்டோம். திறந்து பார்க்காத எஞ்சின் ஒருநாள் கைவிட்டுவிடும். அதனால்தான் இன்றைக்கு இந்தச் சின்ன விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன்.

டாடா கம்பெனியும் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியும் 1954-ல் கூட்டு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கின. அந்தக் கூட்டு 1969 வரை இருந்தது. அந்தக் காலத்து மூக்கு லாரிகளில் கனத்த தகடுதான். தாங்கிப் பிடிக்க ஒரு கம்பி மட்டும் இருக்கும். கம்பி தேய்ந்தாலோ தொலைந்தாலோ கையில் கிடைத்த கட்டையை முட்டுக் கொடுக்கிறோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

முதல் வேலை, காசு செலவில்லாத வேலை. பானெட் கனமா, கீல் இறுக்கமா என்று பாருங்கள். பல வண்டிகளில் பாதி பாரம் துருவினால் வருவதுதான். கீலில் கொஞ்சம் டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நாலைந்து தடவை திறந்து மூடி, பிறகு கிரீஸ் வையுங்கள். கீல் போல்ட் தேய்ந்து பானெட் கோணலாக உட்கார்ந்தால் போல்ட்டை மாற்றுங்கள். லாக்கையும் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். இதிலேயே சில வண்டி சரியாகிவிடும்.

அப்புறமும் கனம் என்றால், நம் பெரியவர்கள் கிணற்றடியில் செய்ததைத்தான் செய்ய வேண்டும். துலா மரத்தின் பின்முனையில் கல்லைக் கட்டினார்கள். வாளியின் பாரத்தைக் கல் வாங்கிக்கொண்டது. ரயில்வே கேட்டை ஒரு ஆள் தூக்குவதும் பின்னால் தொங்கும் பாரத்தினால்தான். பானெட்டில் கல் கட்ட இடமில்லை. அதற்குப் பதிலாக கேஸ் ஷாக் இருக்கிறது. காரின் பின்கதவைத் தூக்கி நிறுத்துகிறதே, மெக்கானிக்குகள் டிக்கி ஷாக் என்பார்கள், அதுதான். உள்ளே நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருக்கும்.

எந்த ஷாக் வாங்குவது? கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஒரு கொக்கித் தராசை எடுத்து, பானெட்டின் முன்விளிம்பில் மாட்டி, மெதுவாக நேர் மேலே இழுங்கள். விளிம்பு மேலே வரும்போது தராசு என்ன காட்டுகிறதோ, குறித்துக்கொள்ளுங்கள். 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கீலிலிருந்து விளிம்புக்கு 120 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1920. இதுதான் நாம் சமாளிக்க வேண்டிய பாரக் கணக்கு.

பானெட் மேலே போகப் போக இந்தக் கணக்கு குறையும். ஐம்பது டிகிரி சாய்வில் திறந்து நிற்கும்போது சுமார் 1230 ஆகிவிடும். அந்த நிலையில், கீலிலிருந்து ஷாக்கின் கோட்டுக்குக் குறுக்காக அளந்தால் 16 சென்டிமீட்டர் வருகிறது என்றால், 1230-ஐ 16-ஆல் வகுங்கள். சுமார் 77 கிலோ. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் என்பதால் ஆளுக்கு 38 கிலோ. கொஞ்சம் கூட்டி 45 கிலோ வாங்கலாம். ஷாக்கின் மேல் நியூட்டன் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 10 நியூட்டன். ஆக 450 என்று போட்டது வேண்டும்.

மூடிய நிலையில் அந்தக் குறுக்களவு 10 சென்டிமீட்டர் இருந்தால், 16 கிலோவில் ஏறக்குறைய பாதியை ஷாக் வாங்கிக்கொள்ளும். உங்கள் கைக்கு எட்டு கிலோ சொச்சம்தான். ஒரு முழம் தூக்கியதும் இன்னும் லேசாகிவிடும். முழுதும் திறந்ததும் தானே நிற்கும். அதிக பலமுள்ளதைப் போட்டால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். மூட முடியாது, தகடு வளையும், லாக் நழுவினால் ஓட்டத்தில் திறந்து கண்ணாடியை மறைக்கும்.

மாட்டும்போது சில கவனம் வேண்டும். முதலில் அட்டையும் மூங்கில் பட்டையும் வைத்து ஒத்திகை பாருங்கள். மூடிய நிலையில் ஷாக் முழுதும் அமுங்கிவிடாமல் ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் நேராக மாட்டினால் கிழிந்துவிடும். உள்ளே ஒரு இரும்புப் பட்டை வைத்து, உள்சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் போடுங்கள். மூடிய நிலையில் ஷாக்கின் மெல்லிய கம்பி கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டிருக்கும். வெல்டிங் செய்வதானால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மாட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஷாக்கை அறுக்கவோ, ஓட்டை போடவோ, நெருப்பில் போடவோ கூடாது. வெடித்துவிடும்.

புதுப்பேட்டையில் பழைய ஷாக் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வாயு போன ஷாக் வெறும் குழாய்தான். இந்த ஒரு சாமானைப் புதிதாக வாங்குவது மேல்.

கடைசியாக ஒன்று. ஷாக் போட்டாயிற்று என்று பழைய தாங்கு கம்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஷாக் வருஷம் போகப் போகப் பலம் குறையும், சொல்லிக்கொண்டு போகாது. தலையை உள்ளே விடும் முன் கம்பியை மாட்டுங்கள். தொலைந்திருந்தால் ஒரு நல்ல கம்பி செய்து, அது உட்காரப் பள்ளமும் செய்துகொள்ளுங்கள்.

பாரிவாக்கத்துப் பெரியவர் இப்போது தினம் காலையில் தானே பானெட்டைத் தூக்கி, ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறார். பையனுக்காகக் காத்திருப்பதில்லை. டிராக்டர் பானெட்டுக்கும், தீவனப் பெட்டியின் கனத்த மூடிக்கும் இதே கணக்குதான். அளந்து பாருங்கள், பிறகு மாட்டுங்கள்.